சாய்த்துப் பிடித்த பேனை

எனக்கு ஒரு சோடி சப்பாத்து எட்டு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. இடது காலின் குதிதான் முதலில் தேயும். இருபத்தெட்டு வருடம் நின்றபடியே வேலை செய்தால் உடம்பு ஒரு பக்கம் பாரம் போடப் பழகிவிடுகிறது போலும். அதனால், இருந்து ஆறுதலாக எழுதுங்கள் என்று நீங்கள் சொன்னது எனக்கு உண்மையில் பெரிய உதவியாகப் பட்டது. மேசையும் கதிரையும் தந்து கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறீர்கள். யாரும் "மிஸ்" என்று கூப்பிடாத ஒரு முற்பகல் எனக்கு வாய்த்து எத்தனையோ காலம்.

என் பெயர் மக்டலின். வயது ஐம்பத்து மூன்று. மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்தவள். தாதி. கடைசிப் பத்தொன்பது வருடமும் தீவிர சிகிச்சைப் பிரிவில். ஆஸ்பத்திரியின் பெயரை நீங்களே தாளின் தலைப்பில் எழுதிவிட்டீர்கள், ஆகவே நான் திரும்ப எழுதவில்லை.

நீங்கள் கொழும்பிலிருந்து விசாரணைக்கு வந்தது முப்பத்தெட்டு நோயாளிகளின் எண்களைப் பற்றிக் கேட்க. அதைச் சொல்கிறேன். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்வேன். அது கடைசியில் வரும். அவசரமில்லை என்றீர்கள். எனக்கும் அவசரமில்லை.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்தத் தாள் உங்களோடு நிற்கப்போவதில்லை, எண்களோடு பழக்கமில்லாதவர்களும் வாசிப்பார்கள். ஒரு மனிதனின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐந்து லீற்றர் இரத்தத்தை வெளியே தள்ளும். பிரஷர் விழுந்து வருகிற நோயாளிக்கு என்ன கொடுப்பது என்பதை அந்த எண்தான் சொல்லும். உடம்பில் நீர் வற்றியிருந்தால் சேலைன் ஏற்ற வேண்டும். இரத்தக் குழாய்கள் தளர்ந்திருந்தால் அவற்றை இறுக்குகிற மருந்து. இதயமே களைத்துப்போயிருந்தால் சேலைனைக் கட்டுப்படுத்தி, இதயத்துக்குத் துணை நிற்கிற மருந்து. கட்டிலில் பார்த்தால் மூன்று பேரும் ஒரே மாதிரித்தான் கிடப்பார்கள். ஒருவரைக் காப்பாற்றுகிற மருந்து அடுத்தவரின் நெஞ்சில் நீர் கட்டவைத்துவிடும்.

அந்த எண்ணை அறிய எங்களிடம் இருந்தது கழுத்துக் குழாய். கழுத்தில் ஓடுகிற பெரிய நாளத்தைத் துளைத்து, நீளமான மெல்லிய குழாய் ஒன்றை இதயத்துக்குள் விடுவார்கள். அதன் வழியாகக் குளிர்ந்த நீரைச் செலுத்தி, இரத்தத்தோடு கலந்து அது எவ்வளவு விரைவாகக் கடந்துபோகிறது என்று பார்த்து இயந்திரம் எண்ணைச் சொல்லும். நல்ல முறைதான். ஆனால் கழுத்தில் ஒரு துளை போட்டால் அந்தத் துளையை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

புஸ்பம் என்று ஒரு பெண் இருந்தாள். செட்டிபாளையம். வயது முப்பத்தொன்று. இரண்டாவது பிள்ளை பெற்ற பிறகு இரத்தத்தில் கிருமி பரவி எங்களிடம் வந்தவள். கழுத்துக் குழாய் போட்டோம், மருந்து சரியாகப் பிடித்தது, நான்காம் நாள் எழுந்திருந்து கஞ்சி குடித்தாள். "வாற ஞாயிறு வீட்ட போகலாமா மிஸ்? சின்னவன் பால் குடிக்கிறானில்லயாம்," என்று என்னிடம் கேட்டாள். பிறகு குழாய் போட்ட இடத்தில் சீழ் வைத்தது. பதினோராம் நாள் இறந்துபோனாள். துளைக்கு மேல் ஒட்டியிருக்கும் மருந்துக் கட்டைப் பிரித்து ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். அந்தக் கிழமை மூன்று தாதிகள் விடுமுறையில் நின்றார்கள். நான் இரட்டைப் பணி செய்தேன். மூன்று நாள் அந்தக் கட்டு பார்க்கப்படவில்லை. யார் பார்க்கவில்லை என்று விசாரிக்க ஆஸ்பத்திரியில் எவருக்கும் நேரம் இருக்கவில்லை, எனக்கும் இருக்கவில்லை. குழாயால் வந்த கிருமி என்று பதிந்தார்கள். நானும் அப்போது அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தரமும் கழுத்துக் குழாய்க்குத் தட்டு அடுக்கும்போது எனக்குக் கை குளிர்ந்துவிடும். களைப்பு என்று சொல்லிக்கொள்வேன்.

டொக்டர் நிதுர்ஷன் இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக வந்தார். மயக்க மருந்து நிபுணர். நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டில் படித்துவிட்டு அங்கேயே நிற்காமல் திரும்பி வந்தவர். அவரைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். வெளிநாட்டிலிருக்கிற நம் ஆட்களின் சங்கம் ஒன்று அவர் கேட்டதற்காக ஒரு மீயொலிக் கருவியை அனுப்பிவைத்தது. சின்னத் திரை, அதில் பொருத்திய கம்பி, கம்பியின் நுனியில் தடித்த பேனை மாதிரி ஒன்று. நாங்கள் அதைப் பேனை என்றே சொன்னோம். நெஞ்செலும்புக்கு மேலே, தொண்டைக் குழியில் கொஞ்சம் ஜெல் தடவி அந்தப் பேனையை வைத்தால், இதயத்திலிருந்து இரத்தம் பாய்கிற சத்தம் கேட்கும், திரையில் எண் விழும். துளை இல்லை, இரத்தம் இல்லை, கட்டு இல்லை.

அதை முதன்முதலில் கையில் பிடித்த அன்று நான் நினைத்தது ஒன்றுதான். இனி யாருடைய கழுத்தையும் துளைக்கத் தேவையில்லை.

ஆனால் டொக்டர் அவசரப்படுகிற ஆள் இல்லை. "இது சொல்ற எண் சரியா எண்டு தெரியாம பாவிக்க ஏலாது மிஸ்," என்றார். "குழாய் போட்டிருக்கிற ஆக்களுக்கு மட்டும் ரெண்டு முறையிலயும் அளப்பம். முப்பத்தெட்டுப் பேர் போதும். உங்கட கைதான் எனக்கு வேணும்."

ஒழுங்கு இப்படி. நான் பேனையால் மூன்று தரம் அளந்து என் தாளில் எழுத வேண்டும். அதே நேரத்தில் தக்ஷாயினி என்கிற இளம் தாதி குழாயின் எண்ணை எடுத்துத் தன் தாளில் எழுத வேண்டும். ஒருவரின் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. இரண்டு தாளும் தனித்தனி உறையில் டொக்டரிடம் போகும்.

முதல் ஆறு பேருக்கும் அப்படியே செய்தேன். அந்த ஆறு எண்களும் உண்மையானவை, அவற்றை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

ஏழாவது நோயாளியின் கட்டிலில் தக்ஷாயினி தன் தாளைக் கவிழ்க்காமல் வைத்துவிட்டு மருந்து எடுக்கப் போனாள். குழாய் சொன்னது நான்கு தசம் ஒன்று. என் பேனை சொன்னது ஆறு தசம் மூன்று. நான் பேனையை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இந்த முறை கொஞ்சம் சாய்த்துப் பிடித்தேன். நான்கு தசம் மூன்று விழுந்தது.

இதை நீங்கள் பொய் என்பீர்கள். அன்று எனக்கு அப்படித் தோன்றவில்லை. எண்ணைக் காட்டியது கருவிதான், நான் இல்லை. பேனையை நேராகப் பிடிப்பதென்றால் எது நேர்? இதயம் ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு விதமாகத் திரும்பிக் கிடக்கிறது. சாய்ந்த கையும் ஒரு கைதான். ஆகவே நான்கு தசம் மூன்று என்று எழுதினேன். முதலில் வந்த ஆறு தசம் மூன்றை எழுதவில்லை. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு தக்ஷாயினியின் தாளைப் பார்க்காமல் நான் ஒரு எண்ணும் எழுதவில்லை. பார்ப்பது கஷ்டமில்லை. அவள் என்னை அம்மா போல நினைத்தவள், அவளுக்கு என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாது. பேனையின் எண் கூடிவிட்டால் கையைச் சாய்ப்பேன். குறைந்துவிட்டால் கருவியில் நோயாளியின் உயரத்தை நான்கைந்து சென்றிமீற்றர் கூட்டிப் பதிவேன். உயரத்தை வைத்துத்தான் அது இதயக் குழாயின் அகலத்தை ஊகிக்கிறது. படுத்திருக்கிற ஆளின் உயரத்தை யார் திரும்ப அளக்கப்போகிறார்கள்? சில நாள்களில் இப்படி ஒத்துவரச் செய்ய அரை மணித்தியாலம் பிடிக்கும். முழங்கால் நோகும். இருந்தும் செய்தேன்.

முடிவு எல்லோரையும் வியக்கவைத்தது. பேனையும் குழாயும் ஒன்றுக்கொன்று கூடப் பிறந்தவை போல ஒத்துப்போயின. டொக்டர் அதைக் கொழும்பில் ஒரு மாநாட்டில் வாசித்தார். அச்சில் வந்த பிரதியை எனக்குக் கொண்டுவந்து தந்தார், கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற வரியில் என் பெயர் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வேதாகமத்துக்குள் வைத்தேன்.

அந்தப் பிரதியை வாசித்துத்தான் நீங்களும் வந்தீர்கள். நேற்று நீங்கள் கேட்டது என் மனதில் இன்னும் நிற்கிறது. ஒரே ஆளை அதே குழாயால் இரண்டு தரம் அளந்தாலே பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் வரும் என்றீர்கள். தன்னோடு தானே அவ்வளவு ஒத்துப்போகாத ஒன்றோடு இந்தப் பேனை எப்படி அதைவிட நெருக்கமாக ஒத்துப்போனது என்று கேட்டீர்கள். நான் அதை யோசிக்கவே இல்லை. கொஞ்சம் பிழைவிட்டு எழுதியிருந்தால் நீங்கள் வந்திருக்கமாட்டீர்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்து பழகாதவள்.

மாநாட்டுக்குப் பிறகு எங்கள் பிரிவில் கழுத்துக் குழாய் போடுவது நின்றுபோனது. ஆறு மாதம் ஒரு கழுத்தில்கூடக் கட்டு இல்லை. இன்னும் இரண்டு சிறிய ஆஸ்பத்திரிகளுக்கும் சங்கம் பேனைகளை அனுப்பியது. அங்கேயிருந்து வந்த தாதிகளுக்கு நான்தான் பழக்கினேன். சத்தம் கூர்மையாகக் கேட்கிற வரைக்கும் பேனையை மெதுவாகத் திருப்ப வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் சஹ்லா என்கிற பிள்ளை ஒரு நாள் தொலைபேசியில் எடுத்தாள்.

"மிஸ், ஒரே ஆளுக்கு ஒவ்வொரு தரமும் ஒவ்வொண்டு வருது. எத எழுதுற?"

"ஆளப் பாருங்க மகள். பாத்தா உங்களுக்கே விளங்கும். அந்த எண் வாற வரைக்கும் சாய்ச்சுப் பாருங்க."

"சரி மிஸ். பெரிய உதவி," என்று சொல்லி வைத்தாள்.

அவள் எத்தனை பேருக்கு அப்படி எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. தாள்கள் உங்களிடம் இருக்கின்றன. அவளைக் குற்றம் சொல்லவேண்டாம்.

நானும் அப்படித்தான் செய்தேன். பார்த்து எழுதத் தக்ஷாயினியின் தாள் இப்போது இல்லை. ஆகவே நோயாளியைப் பார்த்தேன். கையைத் தொட்டால் சூடு தெரியும், நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்புகிற வேகம் தெரியும். இத்தனை வருடத்தில் இவ்வளவுகூடத் தெரியாவிட்டால் நான் எதற்கு? எனக்குச் சரியென்று பட்ட எண் வரும்வரை பேனையைத் திருப்பினேன். அநேகமானோர் பிழைத்தார்கள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நல்லரத்தினம் போன மாரியில் வந்தார். சித்தாண்டிக் கமக்காரர். நாற்பத்தாறு வயது, வைரமான உடம்பு. எலிக்காய்ச்சல். வயலில் தேங்கிய தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு மாரிக்கு மாரி வருகிறதுதான். சிறுநீர் குறைந்து, கண் மஞ்சளாகி, பிரஷர் விழுந்திருந்தது. ஆனாலும் கதை குறையவில்லை.

"எப்ப விடுவீங்க மிஸ்? வயல் வட்டைக்குள்ள தண்ணி கட்ட ஆளில்ல," என்றார்.

பக்கத்தில் நின்ற மனைவி கேதீஸ்வரி, "உங்களுக்கு இப்ப அதுதான் பெரிசு," என்று அவரை ஏசிக்கொண்டே போர்வையை இழுத்துவிட்டாள்.

தக்ஷாயினி பேனையால் அளந்தாள். பிறகு என்னிடம் வந்தாள். "மிஸ், எனக்கு ரெண்டு தசம் அஞ்சுக்கு மேல வருதில்ல. இதயம் களைச்சுப்போயிருக்கா எண்டு பயமாயிருக்கு."

நான் போய்ப் பார்த்தேன். கை சூடாக இருந்தது. ஆள் சிரித்துக் கதைத்தார். நேரே வைத்தேன், இரண்டு தசம் நான்கு. உயரத்தைக் கூட்டினேன், இரண்டு தசம் எட்டு. இன்னும் கூட்டினால் அவர் கட்டிலுக்குள் அடங்கமாட்டார். அந்த உடம்பில் அப்படி ஒரு எண் இருக்க முடியாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தக்ஷாயினி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு இன்னும் கை பழகல்ல மகள்," என்றேன்.

தாளில் நான்கு தசம் எட்டு என்று எழுதினேன். கருவி காட்டாத ஓர் எண்ணை நான் எழுதியது அதுதான் முதல் தடவை. பின்னேரம் ஆகிக்கொண்டிருந்தது, எனக்கு இன்னும் நான்கு கட்டில்கள் இருந்தன.

அந்த எண்ணைப் பார்த்து டொக்டர் நிதுர்ஷன், இதயம் நன்றாகத் தள்ளுகிறது, இரத்தக் குழாய்கள்தான் தளர்ந்துவிட்டன என்று தீர்மானித்தார். வேறு எப்படித் தீர்மானிப்பார்? சேலைன் ஏற்றி, குழாய்களை இறுக்கும் மருந்தும் கொடுக்கச் சொன்னார். நான்தான் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் நல்லரத்தினத்துக்கு மூச்சு இரைத்தது. மத்தியானம் வாயால் இளஞ்சிவப்பாக நுரை வந்தது. இரண்டு மணிக்குப் பிறகு ஒன்றும் செய்ய இருக்கவில்லை. கேதீஸ்வரி வாசலில் நின்று, "காய்ச்சல் எண்டுதானே கூட்டி வந்தனான்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு ஒரு கதிரை போட்டுக் கொடுத்தேன்.

பிரேதப் பரிசோதனையில் இதயத் தசை வீங்கித் தளர்ந்திருந்தது. எலிக்காய்ச்சல் இதயத்திலும் போய் இருந்திருக்கிறது. பேனை சொன்னது சரி.

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு தரம் பேனை சரி, நான் பிழை. அன்றைக்கே டொக்டரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த ஒரு தாளோடு விடுவார்களா? முப்பத்தெட்டுத் தாளையும் எடுப்பார்கள். பேனையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். மறுபடியும் கழுத்துக் குழாய் வரும். செத்தவர் செத்துவிட்டார், இனி வரப்போகிற கழுத்துகளைத்தான் நான் நினைத்துப் பார்த்தேன்.

அறுவடை முடிந்து மாசி மாதம் கேதீஸ்வரி பஸ் ஏறி வந்தாள். "இவர நீங்க நல்லாப் பாத்தீங்க மிஸ். பிள்ளையள் கொண்டுபோய்க் குடுக்கச் சொன்னதுகள்," என்று ஒரு பையில் புது அரிசி தந்தாள். வேண்டாம் என்றால் மனம் நோகும் என்று வாங்கிக்கொண்டேன். நல்ல அரிசி. சோறு ஒட்டாமல் வந்தது.

டொக்டருக்கு நல்லரத்தினத்தின் சாவு உள்ளுக்குள் நின்றது. அவர் என்னைச் சந்தேகிக்கவில்லை. பேனையைத்தான் சந்தேகித்தார். ஒரு நாள் தேநீர் நேரத்தில் வந்து எனக்கு எதிரே இருந்தார்.

"இது எங்கயோ பிழை விடுது மிஸ். பத்துப் பேருக்குத் திரும்ப அளந்து பாப்பம். இந்த முறை பேனைய தக்ஷாயினி பிடிக்கட்டும். நீங்க களைச்சுப்போனீங்க. கழுத்துக் குழாயப் பாக்கிற பொறுப்ப மட்டும் எடுங்க."

களைத்துப்போனீர்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சரி சேர் என்றேன்.

முதல் இரண்டு பேருக்கும் எண்கள் ஒத்துப்போகவில்லை. தக்ஷாயினி ஒன்றையும் சாய்க்கவில்லை, அவளுக்கு அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாது. ஒருவருக்குப் பேனை ஒன்றரை லீற்றர் கூட்டிச் சொன்னது. மற்றவருக்கு ஒரு லீற்றர் குறைத்துச் சொன்னது. டொக்டர் அந்த இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள். எட்டுப் பேரையும் அளந்து முடித்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

இனி எழுதப்போவது நீங்கள் கேட்காதது.

மூன்றாவது ஆள் சீதேவிப்பிள்ளை என்கிற அம்மா. வயது அறுபத்தெட்டு. பள்ளிக்கூடம் ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்திக்கொண்டிருந்தவர். நியூமோனியா. வந்த அன்றைக்கே டொக்டர் கழுத்துக் குழாய் போட்டார். மருந்து பிடித்து மூன்றாம் நாளே தெளிந்துவிட்டார். வாட்டில் தருகிற இடியப்பத்தைத் தொட்டுப் பார்த்து, "மாவ வறுக்காமப் பிழிஞ்சிருக்கிறாங்க," என்று சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் எழுதுகிறேன், வெறுப்பில் செய்ததாக யாரும் நினைக்கக் கூடாது.

மூன்றாம் நாள் காலையில் கட்டைப் பிரித்தபோது துளையைச் சுற்றிச் சிவந்திருந்தது. ஒரு சத நாணயக் குற்றியின் அளவு. தொட்டால் சூடு. குழாயை உடனே எடுத்துவிட்டு மருந்தை மாற்றினால் போதும், அநேகமாக ஒன்றும் ஆகாது. இது எனக்குத் தெரியும். வேறு எவரையும்விட எனக்குத்தான் தெரியும்.

நான் புதுக் கட்டுப் போட்டேன். பதிவில் "சுத்தம்" என்று எழுதினேன்.

பின்னேரம் அவர் என் கையைப் பிடித்தார். "கழுத்து கடிக்குது மகள். எரியிற மாதிரியும் இரிக்கி."

"அது காயுது பெரியம்மா. காயக்குள்ள அப்படித்தான் இரிக்கும். சொறியாதீங்க."

"சரி மகள்," என்றார். சொறியவும் இல்லை.

நான்காம் நாள் சீழ் தெரிந்தது. துடைத்துவிட்டுக் கட்டினேன், சுத்தம் என்று எழுதினேன். அன்று டொக்டர் கட்டிலடியில் நின்று, "துளை எப்படி மிஸ்? சுத்தமெண்டா நாளைக்கும் வெச்சு இன்னும் ரெண்டு அளவு எடுக்கலாம்," என்று கேட்டார்.

"சுத்தம் சேர்."

"நீங்க சொன்னா சரி."

ஐந்தாம் நாளும் அப்படியே. அன்று பின்னேரம் சீதேவிப்பிள்ளைக்குக் குளிர் நடுக்கம் வந்தது. ஆறாம் நாள் காலையில் டொக்டர் தன் கையாலேயே கட்டைப் பிரித்தார். அது இரவோடிரவாக வந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பினார். குழாயை எடுத்தார், மருந்தை மாற்றினார், மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் அந்தக் கட்டிலடியிலேயே நின்றார். பெரியம்மா ஒன்பதாம் நாள் காலையில் போனார். கடைசியாக மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

தக்ஷாயினி மருந்து கலக்கிற அறையில் நின்று அழுதாள். டொக்டர் எண்ணைப் பார்க்கக் குழாயில் குளிர்ந்த நீரை ஏற்றியது அவள்தான், தன் கையால்தான் கிருமி போயிருக்கும் என்று நினைத்துவிட்டாள். நான் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பிழை யாருக்கும் வரும் மகள், மனதில் வைக்காதே என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். இந்தத் தாளை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவள் கையில் பிழையில்லை.

டொக்டர் நிதுர்ஷன் மிகுதி ஏழு பேரையும் அளக்கவில்லை. கழுத்துக் குழாய்ப் பெட்டியை எடுத்துக் களஞ்சியத்துக்கு அனுப்பினார். "ஒரு எண்ணுக்காக அந்த மனிசியக் கொன்றுபோட்டன் மிஸ். இனி ஒருத்தருக்கும் வேணாம்," என்றார். சேர், நீங்கள் செய்ததை நல்லதற்குத்தான் செய்தீர்கள் என்று சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னாமலே படுத்தேன். நல்ல நித்திரை. புஸ்பம் செத்த பிறகு நான் அப்படித் தூங்கியதில்லை.

உங்களிடம் எண்கள் மட்டும்தான் இருந்தன. சீதேவிப்பிள்ளையின் பதிவில் எல்லா நாளும் சுத்தம் என்றுதான் இருக்கிறது, அடியில் என் கையெழுத்து. நான் சொல்லாவிட்டால் ஒருநாளும் கண்டுபிடித்திருக்கமாட்டீர்கள். டொக்டர் அந்தச் சாவைத் தன் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறார், அதைப் பார்க்க முடியவில்லை. ஆகவே சொல்கிறேன். எனக்கு அது தெரிந்தது, மூன்று நாள் தெரிந்தது, அவர் பிழைப்பார் என்றும் தெரிந்தது. நான் விட்டுவிட்டேன். கேட்டால் எங்கேயும் இதையே சொல்வேன்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீங்கள் திரும்பிப் போய் ஓர் அறிக்கை எழுதுவீர்கள். பேனையை நம்பியதால் இத்தனை பேர், கழுத்துக் குழாயால் இத்தனை பேர் என்று இரண்டு பட்டியல் வரும், அதைப் பார்த்துத்தான் எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிப்பார்கள். நல்லரத்தினத்தைப் பேனையின் பக்கம் எழுதவேண்டாம், அது என் பிழை. ஆனால் சீதேவிப்பிள்ளையின் கழுத்தில் குழாய் இருந்தது, துளை இருந்தது, அந்தத் துளையால்தான் கிருமி போனது. அவரைக் கழுத்துக் குழாய் கொன்றவர்களின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எண்கள் சரியாக இருக்க வேண்டும்.